மாறுகண்ணை மறைக்காத அமைச்சர்

கொரிய நாட்டை 1392 முதல் 1910 வரை ஆண்ட ஜோசொன் அரசமரபுக்குக் கன்பூசியஸின் அறநெறியே அடித்தளமாக விளங்கிற்று. அந்நெறியில் தோய்ந்த சான்றோரின் உருவங்களைப் பட்டில் தீட்டி, அவர்தம் மறைவுக்குப் பின்னும் போற்றி வைப்பது அந்நாட்டு மரபு. ஒரு மயிரிழை மாறினும் அது வேறொருவர் உருவமாகிவிடும் என்பது அவ்வோவியர்கள் கைக்கொண்ட விதியாகும். பட்டின் பின்புறத்திலும் வண்ணம் பூசி, தோலின் இயல்பான நிறம் முன்புறத்தில் மெல்லப் புலப்படுமாறு செய்தனர். இக்கலையின் வாய்மைக்குச் சான்றாக நிற்பது அறிஞரும் அமைச்சருமான சே ஜெகோங்கின் திருவுருவம்.

1720ஆம் ஆண்டு பிறந்த இவர், 1743இல் அரசுத் தேர்வில் வென்று பணியில் சேர்ந்தார். 1758இல் மன்னர் யோங்ஜோ தம் மகன் சாதோவை இளவரசுப் பதவியினின்று நீக்க ஆணை பிறப்பிக்க முற்பட்டார். அப்போது அரசச் செயலகத்தின் தலைவராயிருந்த ஜெகோங், தம் உயிரையும் பொருட்படுத்தாது தடுத்து நின்று, அவ்வாணையைத் திரும்பப் பெறச் செய்தார். எனினும் 1762இல் இளவரசர் தந்தையின் கட்டளையால் அரிசிப் பெட்டியுள் அடைக்கப்பட்டு மாண்டார்.

இளவரசரின் மகன் ஜொங்ஜோ 1776இல் அரியணை ஏறினார். எதிரணியினரின் பகையால் சில ஆண்டுகள் ஒதுங்கி வாழ நேர்ந்த ஜெகோங்கை, மன்னர் 1788இல் மீண்டும் அழைத்து உயர் அமைச்சராக்கினார். உரிமம் பெற்ற கடைக்காரர்கள் தலைநகரில் சிறுவணிகரைத் தடுத்துவந்த தனியுரிமையை, ஆறு பெருங்கடைகள் நீங்கலாக, 1791இல் ஒழிக்கச் செய்தவர் இவரே. 1793இல் தலைமை அமைச்சரானார். 1794 முதல் 1796 வரை சுவொன் நகரில் எழுந்த ஹ்வாசொங் கோட்டையின் பணிகளையும் மேற்பார்த்தார்.

1791இல் மன்னரின் உருவம் வரையப்பட்ட பின், ஜெகோங்கின் உருவத்தையும் தீட்டுமாறு ஆணை பிறந்தது. அரசவை ஓவியர் யி மியொங்கி அதனை வரைந்தார். ஓர் ஓவியம் அரண்மனைக்குச் சென்றது. மற்றொன்று அடுத்த ஆண்டு ஒட்டி அமைக்கப்பட்டது. அதில் அமைச்சர் கையில் விசிறியும் நறுமணப் பையும் காணப்படுகின்றன. அவை மன்னர் அளித்த கொடை எனவும், உடலும் உயிரும் பெற்றோர் தந்தவை எனவும், அக்கொடைக்கு ஈடுசெய்ய இயலாமைக்கு நாணுவதாகவும் அவர் அதில் எழுதியுள்ளார்.

அம்முகத்தில் ஒரு கண் மாறுகண். கன்னத்தில் அம்மைத் தழும்புகள். நாட்டின் முதன்மையான பதவிகளை வகித்தவர் விரும்பியிருந்தால் இவற்றை மறைக்கச் செய்திருக்கலாம். மன்னர் பார்வைக்குச் செல்லும் ஓவியமாயிருந்தும் ஓவியர் ஒன்றையும் திருத்தவில்லை.

1799இல் ஜெகோங் மறைந்தார். கத்தோலிக்க சமயத்தாரிடம் கடுமை காட்டவில்லை என்னும் பழியால் 1801இல் அவர்தம் பட்டங்கள் பறிக்கப்பட்டன. 1823இல் அவை மீண்டும் வழங்கப்பட்டன. ஆட்சியாளர் பட்டங்களைப் பறிக்கவும் அளிக்கவும் முடிந்தது. பட்டில் பதிந்த அம்முகமோ மாறாது நின்று, இன்று சுவொன் ஹ்வாசொங் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மன்னர் முன் உண்மையைச் சொல்ல அஞ்சாதவர், தம் முகத்தின் உண்மைக்கும் அஞ்சவில்லை. புகழ்ச்சியை விரும்பும் உலகில், வாழ்வும் உருவமும் ஒன்றாய் நிற்கும் இச்சான்றோரின் பாங்கு நாம் எண்ணிப் போற்றத்தக்கதாகும்.