லூயி ரெனோ

பிரெஞ்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில், துணியும் பொத்தானும் விற்றுப் பொருள் ஈட்டிய வணிகர் ஒருவரின் இல்லத்தில் 1877ஆம் ஆண்டு பிறந்தவர் லூயி ரெனோ. தமையன்மாராகிய பெர்னானும் மார்செலும் தந்தையின் வாணிகத்தைக் கற்றனர். லூயிக்கோ கடையும் கணக்கேடும் கசந்தன. பள்ளிப் படிப்பிலும் அவர் சிறந்து விளங்கினார் அல்லர். நீராவி வண்டிகள் செய்து புகழ்பெற்ற செர்ப்போலே என்பாரின் பட்டறையே அவருக்குக் கல்விக்கூடம் ஆயிற்று. பாரிசை அடுத்த பில்லான்கூரில் அக்குடும்பத்தாருக்குத் தோட்ட வீடு ஒன்று இருந்தது. அத்தோட்டத்தில் நின்ற சிறு கொட்டகையை லூயி தம் பட்டறையாக்கிக்கொண்டார்.

அக்காலத்து மோட்டார் வண்டிகளின் நிலையை அறிந்தாலன்றி அவர் செய்த செயலின் அருமை விளங்காது. பெட்ரோல் எந்திரம் விரைந்து சுழலும்போதே வலிமை தரும். மிக மெல்லச் சுழன்றால் நின்றுவிடும். வண்டியோ நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும். மேட்டில் ஏற வேண்டும். சமவெளியில் விரைய வேண்டும். ஆதலின் எந்திரத்திற்கும் சக்கரங்களுக்கும் இடையே, சிறிதும் பெரிதுமான பற்சக்கரங்களை வேண்டியவாறு மாற்றிப் பூட்டும் அமைப்பு ஒன்று இன்றியமையாததாகும். அதனையே கியர்ப்பெட்டி என்கிறோம். எமில் லெவாசோர் என்னும் பொறியாளர் நழுவிப் பொருந்தும் பற்சக்கரங்களைக் கொண்டு அத்தகைய பெட்டி ஒன்றை முன்னரே அமைத்திருந்தார். எனினும் அதில் வண்டி எவ்வேகத்தில் ஓடினும் ஆற்றல் பற்சக்கரங்களின் வழியாகவே செல்லும். பின்னர்ச் சங்கிலி வழியே பின்சக்கரங்களை அடையும். பல்லோடு பல் உராய்ந்து தேய்ந்தது. சங்கிலியோ புழுதியிலும் சேற்றிலும் உழன்றது. எந்திரம் ஈன்ற ஆற்றலில் ஒரு பகுதி வழியிலேயே வெப்பமாகவும் இரைச்சலாகவும் கழிந்தது.

1898ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதினராகிய லூயி, டெ டியோன் பூட்டோன் முச்சக்கர வண்டி ஒன்றைப் பிரித்து நான்கு சக்கர வண்டியாக மாற்றினார். அதன் எந்திரம் இரண்டு குதிரைத்திறனும் இல்லாதது. வலிமையைக் கூட்ட வழி இல்லை. உள்ள வலிமை வீணாகாமல் காப்பதே வழி என்று அவர் கருதினார் போலும். எந்திரத்திலிருந்து வரும் தண்டினையும், பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டினையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தினார். முதல் இரண்டு வேகங்களில் பக்கத்தே உள்ள துணைத்தண்டின் பற்சக்கரங்கள் ஆற்றலைக் கைம்மாற்றித் தரும். மூன்றாவதாகிய உயர்ந்த வேகத்திலோ, முன்னும் பின்னும் நின்ற தண்டுகள் இரண்டும் நேரே கோத்துக்கொண்டு ஒரே தண்டாய்ச் சுழலும். அப்போது இடையிலுள்ள பற்சக்கரங்களுக்குச் சுமை இல்லை. சங்கிலியையும் அவர் அறவே நீக்கி, சுழல்தண்டு ஒன்றினால் பின்னச்சை இயக்கினார்.

அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறித்துமசுக்கு முந்திய இரவில், நண்பர்கள் அவ்வண்டியின் திறத்தை ஐயுற்றனர். பாரிசின் மோன்மார்த்தர்க் குன்றில் ஏறும் லெப்பிக் தெரு மிகச் செங்குத்தானது. நூறடி சென்றால் பதின்மூன்றடி உயர்வது. லூயி பந்தயம் கட்டி, அத்தெருவில் வண்டியை ஏற்றிக் காட்டினார். ஐயுற்றவர்களுட் சிலரே அன்றிரவு வண்டி வேண்டுமென்று முன்பணம் தந்தனர். பன்னிரண்டு வண்டிகள் கேட்கப்பட்டன. அடுத்த ஆண்டு பெப்ருவரியில் அவர் தம் அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். தமையன்மார் முதலிட்டனர், ரெனோ சகோதரர் என்னும் நிறுவனம் தோன்றியது. நாளடைவில் பிற வண்டி நிறுவனத்தாரும் அவ்வமைப்பைக் கைக்கொண்டு உரிமைத்தொகை செலுத்தலாயினர்.

அந்நாளில் பந்தயத்திற்கெனத் தனிக் களம் பெரும்பாலும் இல்லை. மக்கள் நடக்கும் சாலையே பந்தயச் சாலையும் ஆகும். கடைக்குச் செல்லும் வண்டியும் நகர்விட்டு நகருக்குப் பாயும் வண்டியும் ஒரே பட்டறையில் பிறந்தன. லூயியும் மார்செலும் தாமே வண்டி ஓட்டிப் பல போட்டிகளில் தம் பிரிவில் வென்றனர். 1902இல் பாரிசிலிருந்து வியன்னா வரை நடந்த பந்தயம் அவர்களுடைய புகழின் உச்சி. பெரிய எந்திரங்கள் பூட்டிய பனார் வண்டிகள் சமவெளியில் முந்தின. மார்செலின் வண்டி எந்திரமோ கொள்ளளவில் அவற்றின் மூன்றில் ஒரு பங்கும் இல்லாதது. ஆயினும் ஆல்ப்சு மலையின் ஆர்ல்பெர்க் கணவாயை ஏறி இறங்குகையில், எடை குறைந்த அவ்வண்டியே நன்கு ஓடிற்று. மார்செல் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மிகுந்த சராசரி வேகத்தில் ஓட்டி, பெருவண்டிகளையெல்லாம் வென்றார்.

மறு ஆண்டு மே 24ஆம் நாள் பாரிசு–மத்ரித் பந்தயம் தொடங்கியது. சாலையின் இருமருங்கும் மக்கள் திரள், காவல் குறைவு, முன்செல்லும் வண்டி எழுப்பும் புழுதியில் பின்வருவோர்க்கு வழி தெரியவில்லை. லூயி எல்லோர்க்கும் முன்னதாகப் போர்தோ நகரை அடைந்தார். மார்செல் வந்து சேரவில்லை. குவே வெராக் என்னும் ஊரருகே புழுதி மறைக்க, அவர் வண்டி சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. இரண்டு நாளில் அவர் உயிர் நீத்தார். வேறு பலரும் மாண்டமையால், அரசு பந்தயத்தைப் போர்தோவிலேயே நிறுத்தியது. அதன்பின் லூயி எப்பந்தயத்திலும் வண்டி ஓட்டவில்லை.

ஆயினும் வண்டிகளை அனுப்புவதை அவர் விட்டாரல்லர். 1906இல் லெ மான்சு நகரருகே இரண்டு நாள் நடந்த முதல் பிரெஞ்சுக் கிராந்து பிரீ பந்தயத்தில், அவரிடம் பணிபுரிந்த அங்கேரியராகிய பெரன்சு சீசு ரெனோ வண்டியில் வென்றார். 1909இல் பெர்னானும் மறைந்தார்; நிறுவனம் லூயி ஒருவர் கையில் நின்றது. தொழிலாளரிடம் அவர் கடுமை காட்டினார் என்பதை மறைத்தல் தகாது. வேலையைக் கடிகாரம் கொண்டு அளந்ததை எதிர்த்து 1913இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த ஆண்டு போர் மூண்டபோது, அவர் செய்த வாடகை வண்டிகளே மார்ன் போர்முனைக்குப் படைவீரரை ஏற்றிச் சென்றன. பின்னர்ச் சுழலும் பீரங்கிக் கூண்டுடைய சிறு டாங்கிகளும் அவர் ஆலையில் உருவாயின.

இன்று ஓட்டுநர் கை வைக்காமலே வேகம் மாற்றும் தானியங்கிக் கியர்ப்பெட்டிகள் பெருகியுள்ளன. அவற்றுள் பலவற்றில் எந்திரத்தின் சுழற்சி முதலில் எண்ணெயின் வழியே கைம்மாறும். அதனால் சிறிது ஆற்றல் குறையும். தெருவிலும் பந்தயக் களத்திலும் ஓட்டுவதற்காக அவற்றைத் திருத்துவோர், அக்குறையைப் போக்கும் பூட்டினை வலுப்படுத்துகின்றனர். அது இருபுறத்தையும் இறுகப் பிணித்து ஒன்றாய்ச் சுழலச் செய்யும். கொட்டகையில் இரு தண்டுகளைக் கோத்த இளைஞர் நாடியதும் அதுவே.

இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு நாடு வீழ்ந்தபோது, அவர் ஆலைகள் செருமானியருக்காக இயங்கின. 1942 மார்ச்சில் ஆங்கிலேயர் பில்லான்கூரின்மீது குண்டு வீசினர். பாரிசு விடுதலை பெற்றபின், பகைவர்க்கு உதவினார் என்னும் குற்றச்சாட்டில் 1944 செப்டம்பரில் லூயி சிறைப்பட்டார். உடல் நலிந்திருந்த அவர் வழக்கு மன்றம் ஏறுமுன்பே அக்டோபர் 24ஆம் நாள் இறந்தார். குற்றம் உண்டா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. 1945 சனவரியில் அரசு அவர் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியது.