விண்வெளிக் கதை எழுதியவர், திருகோணமலை கடலுக்குள் கோயிலைத் தேடினார்: யார் இந்த ஆர்தர் சி. கிளார்க்?

பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் அதே மாவட்டத்து சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பக்கம் எல்லாம் கடல். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் உயிரிகளின் படிமங்கள் கிடைப்பதும் அதனால்தான். கடல் எதை வாங்கி வைத்துக்கொள்ளும், எப்போது திருப்பித் தரும் என்று யாருக்கும் தெரியாது.

அப்படிக் கடல் திருப்பித் தந்த ஒன்று, ஈழத்தின் திருக்கோணேச்சரம். அந்தக் கதைக்குள் ஓர் ஆங்கிலேய எழுத்தாளர் இருக்கிறார்.

யார் அவர்?

ஆர்தர் சி. கிளார்க், 1917 டிசம்பர் 16-ம் தேதி இங்கிலாந்தின் மைன்ஹெட் ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையின் ரேடார் பிரிவில் வேலை. 1945-ல் ஒரு வயர்லெஸ் இதழில் கட்டுரை எழுதினார். பூமிக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் மூன்று செயற்கைக்கோள்களை நிறுத்தினால், கிட்டத்தட்ட உலகம் முழுக்க ஒளிபரப்பு செய்யலாம் என்பதுதான் விஷயம். அப்போது ஒரு செயற்கைக்கோள்கூட கிடையாது. இன்று உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் டிஷ் அந்த உயரத்தைப் பார்த்துத்தான் திரும்பி நிற்கிறது. காப்புரிமை எதுவும் அவர் வாங்கவில்லை.

பிறகு அறிவியல் புனைகதைகளால் பெரிய பெயர். 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் திரைக்கதையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதியவர் இவர்தான்.

விண்வெளி ஆளுக்கு கடலில் என்ன வேலை?

பதில் ரொம்ப எளிது: எடையின்மை. ராக்கெட்டில் போக வாய்ப்பில்லாத காலத்தில், உடம்பு மிதக்கும் அந்த உணர்வு கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்தான் என்று கிளார்க் நினைத்தார்.

அதற்கான கருவியும் அப்போதுதான் வந்திருந்தது. 1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் சேர்ந்து 'அக்வாலங்' என்ற சுவாசக் கருவியை உருவாக்கினார்கள். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர், வாயில் ஒரு குழாய். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் இல்லையா, அந்த அழுத்தத்துக்கு ஏற்ப காற்றைக் கொடுக்கும் வால்வுதான் இதன் உயிர்நாடி. இன்று ஸ்கூபா என்கிறோமே, அதன் தொடக்கம் இது. மத்தியதரைக் கடலின் மால்டா தீவில் மூழ்கிய கப்பல்களையும் கடல் குகைகளையும் பார்க்க இப்போது கூட்டம் போகிறதே, அதற்கு வழிவிட்டதும் இந்த சிலிண்டர்தான். கூஸ்தோவின் புகழ்பெற்ற 'கலிப்சோ' கப்பலும் மால்டாவில் படகுச் சேவையில் ஓடிய பழைய கப்பல்தான்.

(தூத்துக்குடியிலும் மன்னாரிலும் நம் ஆட்கள் பல நூறு ஆண்டுகள் சிலிண்டர் இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு முத்தும் சங்கும் குளித்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.)

1954-ல் ஆஸ்திரேலியா போகும் வழியில் கப்பல் கொழும்பில் நின்றது. இலங்கை பிடித்துப்போனது. 1956-ல் அங்கேயே குடியேறிவிட்டார். கூடவே நண்பர் மைக் வில்சன், கேமராவோடு கடலில் இறங்கும் ஆள்.

சுவாமி மலைக்கு அடியில்

திருகோணமலையில் கடலை ஒட்டி செங்குத்தாக நிற்கும் பாறை, சுவாமி மலை. உயரம் சுமார் 400 அடி. அதன் மேல் இருந்த கோணேசர் கோயில் சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். 1622-24 காலத்தில் போர்த்துக்கீசியர்கள் கோயிலை இடித்தார்கள். கற்களை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இன்றைய பிரெட்ரிக் கோட்டை அதுதான். மிச்சம் கடலுக்குள் போனது.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஊரே அதை நினைவில் வைத்திருந்தது. கோயில் இல்லாத பாறையிலும் பூசை நடந்தது. 1950-ல் அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து ஐம்பொன் சிலைகள் வெளிவந்தன. ஆக, கோயில் எங்கேயோ இருக்கிறது என்பது மக்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. கடலடியில் இறங்கிப் பார்க்கத்தான் வழி இல்லை.

1956-ல் வில்சனும் கிளார்க்கும் அங்கே மூழ்கினார்கள். பாறை அடிவாரத்தில் செதுக்கிய தூண்களும் கற்களும் சிதறிக் கிடந்தன. படம் பிடித்தார்கள். 1957-ல் வந்த தன் இலங்கைக் கடல் பற்றிய புத்தகத்தில் கிளார்க் இதை விரிவாக எழுதினார். கடலில் இருந்து வில்சன் மீட்ட லிங்கம், மீண்டும் எழுந்த கோயிலில் வைக்கப்பட்டது. 1963-ல் குடமுழுக்கு நடந்தது.

இதில் 'வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார்' என்ற தலைப்பு பாதி உண்மைதான். இடத்தைக் காட்டியது ஊரின் நினைவு. சிலிண்டர் அவர்களுடையது, அவ்வளவுதான்.

வெள்ளிக் காசுகளும் ஒரு நோயும்

1961-ல் இலங்கையின் தெற்கே கிரேட் பாஸஸ் கலங்கரை விளக்கம் இருக்கும் பாறைத்திட்டில், வில்சனும் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் ஒரு கப்பல் சிதைவைக் கண்டார்கள். உள்ளே கட்டி கட்டியாக வெள்ளி ரூபாய்கள். எல்லாம் ஔரங்கசீப் காலத்தவை, சூரத் நாணயச்சாலையில் ஹிஜ்ரி 1113-ல், அதாவது 1702 வாக்கில் அடிக்கப்பட்டவை. எந்தக் கப்பல் என்று பெயர் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டே கிளார்க் படுத்த படுக்கையானார். போலியோ. கை கால் முடங்கியது. ஆனாலும் 1963-ல் கப்பல் சிதைவை முறையாக ஆராய குழு கிளம்பியபோது அவரும் போனார். மத்தியதரைக் கடலில் பழங்காலக் கப்பல்களை ஆராய்ந்த பீட்டர் த்ராக்மார்ட்டனும் அந்தக் குழுவில் இருந்தார். நிலத்தில் தடுமாறிய உடம்புக்குத் தண்ணீரில் பாரம் இல்லை. விளையாட்டாகத் தொடங்கிய எடையின்மை, அதற்குப் பிறகு அவருக்கு நிஜமாகவே தேவைப்பட்டது.

வில்சன் வேறு திசையில் போனார். கடலடிப் புதையலை வைத்து 1962-ல் 'ரன்முத்து துவ' என்ற சிங்களப் படம் எடுத்தார். சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. படப்பிடிப்பு திருகோணமலைக் கடலில். பிற்காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவியாகி, 1995-ல் இறந்தார்.

கிளார்க் கடைசிவரை எந்த மதச் சடங்கும் வேண்டாம் என்றே இருந்தவர். பின்னாளில் சக்கர நாற்காலிக்கு வந்தார். ஹிக்கடுவையில் அவருடைய ஸ்கூபா நிறுவனம் நடத்திவந்த மையத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துக்கொண்டு போனது. 2008 மார்ச் 19-ம் தேதி, 90 வயதில் கொழும்பில் காலமானார். அங்கேயே கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.