அடிமைப் பாட்டியின் பேரன்

2002-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி. பாரிஸ் நகர வீதியில் ஒரு சவப்பெட்டி ஊர்வலமாகச் சென்றது. அதனுடன் சென்ற காவலர்கள் சிலர் பழங்காலத் துப்பாக்கி வீரர்களைப்போல் உடை தரித்திருந்தார்கள். பெட்டிக்குள் இருந்தவர் மறைந்து ஏறக்குறைய 132 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர்தான் அலெக்ஸாண்டர் டூமா. "மூன்று துப்பாக்கி வீரர்கள்", "மாண்டி கிறிஸ்டோ கோமகன்" ஆகிய நாவல்களை உலகுக்குத் தந்தவர். பிரான்சின் பெரியோர்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்தில் அன்றுதான் அவருக்கு இடம் கிடைத்தது.

அடகு வைத்த தந்தை

டூமாவின் பாட்டனார் ஒரு பிரெஞ்சுப் பிரபு. இன்று ஹெய்ட்டி என வழங்கும் நாட்டில் அந்நாளில் வாழ்ந்தவர். பாட்டி மரி செசெத் டூமா, கறுப்பினத்து அடிமைப்பெண். இவர்களுக்கு 1762-ல் ஒரு மகன் பிறந்தான்.

பிரபு தாய்நாடு திரும்ப விரும்பினார். கப்பல் செலவுக்குப் பணம் இல்லை. பெற்ற மகனையே அடகு வைத்தார்! பிறகு மீட்டு, பிரான்சுக்கு வரவழைத்துப் படிக்க வைத்தார்.

மகன் 1786-ல் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். தம் குலப்பெயரைக் கீழ்நிலைச் சிப்பாய் சுமப்பதைத் தந்தை விரும்பவில்லை. மகன் தாயின் பெயரைச் சூடிக்கொண்டார். ஏழே ஆண்டுகளில், 1793-ல், அவர் தளபதி!

எகிப்துப் படையெடுப்பில் அவருக்கும் நெப்போலியனுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. நாடு திரும்பும் வழியில் இத்தாலியில் பிடிபட்டு, இரண்டாண்டு சிறையில் வாடினார். உடல் நலிந்து 1806-ல் மாண்டார். விதவைக்கு உதவிச் சம்பளம் கிடைக்கவில்லை. 1802 ஜூலை 24-ல் பிறந்த அலெக்ஸாண்டருக்கு அப்போது நான்கு வயதுகூட நிரம்பவில்லை.

குமாஸ்தா எழுத்தாளரானார்

வறுமையில் வளர்ந்த அலெக்ஸாண்டர் 20-வது வயதில் பாரிஸ் வந்தார். பெரிய படிப்பு இல்லை. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதற்காகவே ஆர்லியன்ஸ் கோமகனிடம் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1829-ல் அவருடைய நாடகம் ஒன்று அரங்கேறியது. ஒரே இரவில் புகழ் வந்து சேர்ந்தது.

1843-ல் அவர் "ஜார்ஜ்" என்ற நாவலை வெளியிட்டார். தம் பிறப்போடு ஒட்டிய விஷயத்தை அவர் நேராக எடுத்தாண்ட நாவல் இது.

மொரீஷியஸ் தீவில் கதை நடக்கிறது. 1810-ல் ஆங்கிலேயர் தீவைத் தாக்குகிறார்கள். கலப்பினத்தவரான தோட்ட முதலாளி மூனியே போரிட முன்வருகிறார். வெள்ளையர்கள் அவரோடு ஓர் அணியில் நிற்க மறுக்கிறார்கள். தந்தை தலைகுனிந்து அவமானத்தைப் பொறுப்பதைச் சிறுவன் ஜார்ஜ் பார்க்கிறான். பாரிசில் படித்து, 14 ஆண்டு கழித்துத் திரும்புகிறான். வெள்ளையர் குடும்பப் பெண்ணைக் காதலிக்கிறான். அடிமைகளின் கலகத்துக்குத் தலைமை தாங்குகிறான்.

கலப்பினத்தவர் எல்லாரையும் உத்தமர்களாக டூமா காட்டவில்லை. மூனியேயும் அடிமைகளை வைத்திருப்பவரே. ஜார்ஜின் அண்ணனோ அடிமை வியாபாரி! நிறத்தால் இழிவுபட்ட குடும்பமே பிறர் அடிமைத்தனத்தில் வாழ்கிறது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1848-ல்தான் முடிவாக ஒழிந்தது. அதற்கு 5 ஆண்டு முன்பே இந்த நாவல் வந்துவிட்டது.

மறக்கப்பட்ட கதாநாயகன்

மறு ஆண்டே "மாண்டி கிறிஸ்டோ" தொடர்கதையாக வரத் தொடங்கியது. அநீதிக்கு ஆளானவன் மறைகிறான். ஆளே மாறித் திரும்பி வந்து பழி தீர்க்கிறான். ஏறக்குறைய ஜார்ஜின் பாதைதான். ஆனால் இந்தக் கதாநாயகன் வெள்ளையன். இவனை உலகமே கொண்டாடியது. ஜார்ஜை வாசகர்கள் மறந்தார்கள்.

புகழ் வந்தும் ஏச்சு ஓயவில்லை. மாக்கே என்பவர் டூமாவுக்கு நாவல் எழுத உதவிவந்தார். இதைச் சாக்கிட்டு 1845-ல் மிரேக்கூர் என்பவர் ஒரு துண்டு நூல் வெளியிட்டார். அதில் டூமாவின் எழுத்தை மட்டுமல்ல, இனத்தையும் இழித்துரைத்தார். டூமா வழக்குத் தொடர்ந்து வென்றார்.

1870 டிசம்பர் 5-ந்தேதி அவர் காலமானார். சொந்த ஊரில் அடக்கமான அவரை, பிறந்து 200 ஆண்டு ஆனபோதுதான் நாடு பாந்தியனுக்கு அழைத்தது. அவர் காலத்தில் நிறவெறியால் பட்ட காயத்தை அன்று ஜனாதிபதி ஜாக் சிராக் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

விக்டர் ஹியூகோ, எமிலி ஜோலா ஆகியோர் பக்கத்தில் டூமா இன்று துயில்கிறார். பிரபுவான பாட்டனாரின் பெயர் யாருக்கும் நினைவில்லை. உலகம் அவரை அழைப்பது அடிமைப் பாட்டியின் பெயரால்தான்.