நான்கிங்கில் சர்தார் பணிக்கர்

சர்தார் கே. எம். பணிக்கர் என்றவுடன் நெல்லைச் சீமையில் பலருக்கு நினைவு வருவது தேவிகுளம், பீர்மேடு விவகாரமே. பஸல் அலி தலைமையில் அமைந்த ராஜ்ய சீரமைப்புக் கமிஷனின் மூன்று அங்கத்தினருள் அவர் ஒருவர். அவ்விரு தாலுகாக்களும் மலையாள ராஜ்யத்திற்கே போகவேண்டும் என்று 1955-ல் அக்கமிஷன் சிபாரிசு செய்தது. மறு ஆண்டு நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டை அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் வந்து சேர்ந்ததும் அந்தப் புண்ணை ஆற்றிவிடவில்லை. அக்குறையை நாமும் மறந்தோமில்லை. ஆயினும் ஒரு மனிதரை ஒரே இனத்தில் பற்றெழுதிக் கணக்கை மூடிவிடுவது நியாயமன்று.

பத்தமடைக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால், குட்டநாட்டுக் காவாலத்தில் 1895-ல் பிறந்தவர் பணிக்கர். ஆக்ஸ்போர்டில் சரித்திரம் கற்றார், பாரிஸ்டரானார், பத்திரிகாசிரியராக இருந்தார், பிகானீர் சமஸ்தானத்தில் திவானானார். 1948 ஏப்ரலில் இந்தியாவின் ஸ்தானிகராக அவர் நான்கிங் போய்ச் சேர்ந்தபோது சீனம் உள்நாட்டு யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்தது.

ஸ்தானிகர் ஒரு சர்க்காரிடம் அனுப்பப்படுகிறவர். அந்தச் சர்க்கார் கண்ணெதிரே கரைந்துபோனால் அவர் யாரிடம் பேசுவது? அந்த ஆகஸ்டில் சியாங் கே ஷேக் சர்க்கார் பழைய நாணயத்தில் 30 லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் புது நாணயம் வெளியிட்டது. சில மாதங்களில் அதுவும் காகிதமாயிற்று. 1949 ஜனவரி 21-ல் சியாங் பதவியினின்று விலகினார். சர்க்கார் கான்டனுக்குப் பெயர்ந்தது. விந்தை என்னவெனில், அதைப் பின்தொடர்ந்து கான்டனுக்குச் சென்றவர் சோவியத் ஸ்தானிகர். அமெரிக்க ஸ்தானிகர் ஸ்டூவர்ட் உள்ளிட்ட பெரும்பாலோர் நான்கிங்கிலேயே தங்கினர். பணிக்கரும் தங்கினார்.

ஏப்ரல் 20-ல், பிரிட்டிஷ் ஸ்தானிகராலயத்துக்குச் சாமான் ஏற்றிவந்த அமெதிஸ்ட் என்ற போர்க்கப்பல் யாங்ட்ஸி நதியில் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையாயிற்று. 23-ந் தேதி இரவு கம்யூனிஸ்ட் சேனை நகரில் புகுந்தது. ஓரிரு நாளில் சிப்பாய்கள் ஸ்டூவர்ட்டின் படுக்கையறைக்குள்ளேயே நுழைந்து பார்த்தனர். புதியவர்களுக்கு ஸ்தானிகர் என்று எவருமில்லை. எல்லாரும் சாதாரண அந்நியரே. அந்தஸ்து பறிபோன அம்மாதங்களில் பணிக்கர் கோபத்துக்கு இடங்கொடாமல் நிலைமையை எடை போட்டார். கோமின்டாங் மீளாது, புதிய சர்க்காரை அங்கீகரித்தே தீரவேண்டும் என்பது அவர் முடிவு. 1949 டிசம்பர் 30-ல் இந்தியா அங்கீகரித்தது. மறு ஆண்டு மே மாதம் பீகிங்கில் அவர் மீண்டும் ஸ்தானிகரானார்.

அவ்வாண்டு அக்டோபர் 2-ந் தேதி நள்ளிரவில் சூ என் லாய் அவரை வரவழைத்தார். அமெரிக்கச் சேனை கொரியாவில் 38-வது அட்சரேகையைத் தாண்டினால் சீனம் யுத்தத்தில் இறங்கும் என்பதே செய்தி. பணிக்கர் அதை உடனே டில்லிக்குத் தெரிவிக்க, அங்கிருந்து அது வாஷிங்டனை எட்டியது. பணிக்கர் சீனர் பக்கம் சாய்ந்தவர் என்று ட்ரூமன் வட்டாரம் அதைத் தள்ளிற்று. சொன்னவரின் சாய்வைப் பார்த்தார்களேயன்றிச் சொல்லின் மெய்யைச் சோதிக்கவில்லை. நீதிஸ்தலத்திலே பகைச் சாட்சியின் வாக்குமூலத்தைக்கூட இப்படி எறிவதில்லை! அக்டோபர் 19-ல் சீனச் சேனை யாலு நதியைக் கடந்தது. அதன்பின் அந்த யுத்தம் 1953 ஜூலை வரை நீடித்தது.

ஆனால் அச்சாய்வு வெறுங் கற்பனையுமன்று. அதே அக்டோபரில் சீனர் திபெத்தில் புகுந்தபோது பணிக்கரின் குரலில் அந்த நள்ளிரவின் உறுதி இல்லை. நவம்பர் 7-ந் தேதி நேருஜிக்கு எழுதிய கடிதத்தில், சீனரின் செய்கைக்கு நம் ஸ்தானிகர் சமாதானம் தேடுகிறார் என்று சர்தார் படேல் குறைகூறினார். படேல் பக்கமே நியாயம் என்று நாம் கருதுகிறோம். வீழ்கிற சர்க்காரைப் பற்றித் தயவு தாட்சணியமின்றி எழுதிய கை, எழுகிற சர்க்காரைப் பற்றி எழுதுகையில் தயங்கிற்று.

1952-ல் சீனத்தை விட்டு எகிப்துக்குப் போனார். பின்னர் கமிஷன், பிரான்ஸ். 1963 டிசம்பர் 10-ல், மைசூர் சர்வகலாசாலை உபாத்யட்சராக இருக்கையில் காலமானார். சீனச் சேனை நம் வடகிழக்கு எல்லையில் இறங்கி அப்பொழுது ஓராண்டு கழிந்திருந்தது.