இராபர்ட் புரூஸ் ஃபூட்
இராபர்ட் புரூஸ் ஃபூட் (செப்டம்பர் 22, 1834 - டிசம்பர் 29, 1912) ஒரு பிரித்தானிய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததைச் சான்றுடன் முதலில் நிறுவியதால் இவர் இந்திய வரலாற்றுக்கு முந்தைய கால ஆய்வின் தந்தை எனப்படுகிறார்.

பணி
இங்கிலாந்தின் செல்ட்டனாமில் பிறந்த ஃபூட், 1858 இல் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். பிரான்சில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளுடன் கற்கருவிகள் கிடைத்ததை 1859 இல் ஆங்கிலேய அறிஞர்கள் உறுதிசெய்தனர். அச்செய்தி இவரது தேடலைத் தூண்டியது.

கண்டுபிடிப்புகள்
1863 மே 30 அன்று பல்லாவரத்தில் செம்புரைக்கல் சரளை தோண்டப்பட்ட குழியொன்றில் இவருக்கு ஒரு கற்கருவி கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங்குடன் இணைந்து இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் பல கருவிகளைக் கண்டெடுத்தார். இவ்வூர் கொசத்தலை ஆற்று வடிநிலத்தில் உள்ளது. இந்த ஆறே மணலி புதுநகரை ஒட்டிச் சென்று எண்ணூர்க் கழிமுகத்தில் கடலை அடைகிறது.

பெயர்
இக்கருவிகளைச் செய்தோர் எழுத்தையோ தம் பெயரையோ விட்டுச் செல்லவில்லை. மாயர் போன்ற பிற்கால நாகரிகங்களுக்குக் கல்வெட்டுகள் உள்ளன. இவர்களுக்குக் கல் மட்டுமே சான்று. எனவே தென்னிந்தியக் கைக்கோடாரி மரபு, முதலில் அறியப்பட்ட இடத்தை ஒட்டிச் சென்னையின் பெயரால் 'மதராசு மரபு' என வழங்கலாயிற்று. உலக அளவில் இது அச்சூலியன் மரபைச் சார்ந்தது.

பிற்காலம்
1891 இல் ஓய்வு பெற்ற பின் பரோடா, மைசூர் அரசுகளுக்கும் நிலவியல் பணி செய்தார். கருவிகள் கிடைத்த இடத்தையும் மண்ணடுக்கையும் தவறாது குறித்து வைப்பது இவரது வழக்கம். இவரது சேகரிப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904 இல் பெற்றது. அதன் விரிவான பட்டியலும் குறிப்புகளும் இவர் கல்கத்தாவில் இறந்த பின், 1914, 1916 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. இவரது நினைவிடம் ஏற்காட்டிலுள்ள தூய திரித்துவ ஆலயத்தில் உள்ளது.

முக்கியத்துவம்
ஃபூட்டின் காலத்தில் கருவிகளின் வயதை ஆண்டுக்கணக்கில் அளக்க வழியில்லை. சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தை மீண்டும் அகழ்ந்து, அங்குள்ள அச்சூலியன் கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011 இல் அறிவித்தனர். அங்கேயே இடைப் பழைய கற்காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாக 2018 இல் வெளியிட்டனர். அக்கருவிகளைச் செய்த மனித இனம் எது என்பதைக் காட்டும் எலும்புகள் அங்குக் கிடைக்கவில்லை. ஃபூட் இடங்களைக் குறித்து வைத்திராவிடில், இன்றைய ஆய்வுகள் எங்கே தொடங்குவது என்பதே கடினமாகியிருக்கும்.