ஒரே மனிதருக்காக ஒரு சட்டம்: ராபர்ட் சொபுக்வே

நீதிமன்றம் விதித்த தண்டனையை முழுமையாக அனுபவித்து முடித்த ஒருவரை, மேலும் சிறையில் வைத்திருக்க அமைச்சருக்கு அதிகாரம் வழங்கும் சட்டப் பிரிவொன்றை 1963ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அப்பிரிவு ஒரே ஒருவருக்கு எதிராகத்தான் பயன்படுத்தப்பட்டது. அவர்தான் ராபர்ட் சொபுக்வே.

கேப் மாகாணத்தின் க்ராஃப் ரெய்னெட் நகரில் 1924 டிசம்பர் 5ஆம் தேதி ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த சொபுக்வே, ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் பயின்று, பின்னர் ஜோகன்னஸ்பர்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பித்தார். கறுப்பின மக்களின் விடுதலைக்கு அவர்களே தலைமையேற்க வேண்டும் என்று வாதிட்டு, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸிலிருந்து பிரிந்தவர்கள் 1959இல் பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸைத் தொடங்கியபோது அதன் தலைவரானார்.

பாஸ் சட்டம்

வெள்ளையர் பகுதிகளில் வசிக்கவும் வேலை பார்க்கவும் கறுப்பினத்தவர் பாஸ் எனப்படும் அனுமதிப் புத்தகத்தை எந்நேரமும் வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். பாஸ் இன்றிக் காவல் நிலையங்களுக்குச் சென்று கைதாகுமாறும், பிணையோ அபராதமோ செலுத்த வேண்டாம் என்றும் சொபுக்வே மக்களைக் கேட்டுக்கொண்டார். சிறைகள் நிரம்பி, தொழிலகங்கள் முடங்கினால் சட்டம் தானே செயலிழக்கும் என்பது அவரது கணிப்பு.

1960 மார்ச் 21ஆம் தேதி அவர் ஒர்லாண்டோ காவல் நிலையத்துக்கு நடந்து சென்று கைதானார். அதே நாளில் ஷார்ப்வில்லில் திரண்டிருந்தோர் மீது போலீசார் சுட்டதில் 69 பேர் உயிரிழந்தனர். சில வாரங்களில் இரு விடுதலை இயக்கங்களும் தடை செய்யப்பட்டன.

தங்களுக்கு வாக்குரிமை இல்லாத நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்பதே நீதிமன்றத்தில் சொபுக்வேயின் நிலைப்பாடு. எதிர்வாதம் செய்ய மறுத்த அவருக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

தண்டனைக்குப் பின்னும் சிறை

1963 மே மாதம் தண்டனை முடிந்தபோது, புதிய சட்டப் பிரிவின் கீழ் அவர் ராபன் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பிற கைதிகளுடன் பேச அனுமதிக்கப்படாமல், தனி வீடொன்றில் ஆறு ஆண்டுகள் வைக்கப்பட்டார். சட்டத்தின் ஆட்சி நடப்பதாகக் கூறிவந்த அரசு, தண்டனைக்கு வரம்பு உண்டு என்ற அடிப்படை நியதியையே அவருக்காகக் கைவிட்டது.

1969இல் கிம்பர்லி நகருக்கு மாற்றப்பட்டு வீட்டுக்காவல் கட்டுப்பாடுகளின் கீழ் வாழ்ந்த அவர், சட்டம் பயின்று 1975இல் அங்கே வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார். 1978 பிப்ரவரி 27ஆம் தேதி, தமது 53ஆவது வயதில், நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

அவரது கட்சி 1994 தேர்தலில் ஐந்து இடங்களை மட்டுமே பெற்றது. ஆனால் அவர் எதிர்த்த பாஸ் சட்டங்கள் 1986இலேயே நீக்கப்பட்டிருந்தன. புதிய அரசியலமைப்புச் சட்டத்தில் அதிபர் மண்டேலா 1996இல் கையெழுத்திட்ட இடமும் ஷார்ப்வில்தான். விசாரணையின்றி எவரையும் அடைத்து வைக்கக் கூடாது என்பது அதில் அடிப்படை உரிமையாக இடம்பெற்றுள்ளது.