கணக்கு தெரிந்த தமிழ்ப் பண்டிதர் – விபுலானந்த அடிகள்



போன மாதம் அறிவியல் டீச்சர் ஒலி பாடம் நடத்தினாங்க. பெஞ்சு மேல ஒரு கம்பியை இழுத்துக் கட்டித் தட்டிக் காட்டினாங்க. சரியாக நடுவில் ஒரு பென்சிலைச் செருகி, பாதிக் கம்பியை மட்டும் தட்டினபோது அதே ஓசை மேலே ஏறிக் கேட்டது. நீளம் பாதியானால் அதிர்வெண் இரண்டு மடங்கு ஆகும் என்று சொன்னாங்க. அடுத்த பீரியட் தமிழ். ஐயா சிலப்பதிகாரத்தில் மாதவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். யாழ் எப்படி இருக்கும், எத்தனை நரம்பு இருக்கும் என்று ஒருத்தி கேட்டாள். அதைக் கண்டுபிடிக்கவே ஒருவர் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தார், அவர் முதலில் விஞ்ஞான வாத்தியார் என்று ஐயா சொன்னதும் எங்களுக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அவர்தான் விபுலானந்த அடிகள். அவரைப் பற்றி ஐயா கொடுத்த புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

அடிகள் 1892-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவு என்ற ஊரில் பிறந்தார். அப்பா பெயர் சாமித்தம்பி, அம்மா பெயர் கண்ணம்மை. பெற்றோர் வைத்த பெயர் மயில்வாகனம். இதில் ஒரு பொருத்தம் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்ததும் அதே 1892-ஆம் ஆண்டுதான். அந்தப் புத்தகம்தான் பின்னால் இவர் வாழ்க்கையையே மாற்றப் போகிறது.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலப் பள்ளிகளில் படித்தார். கணக்கும் விஞ்ஞானமும் அவருக்கு நன்றாக வரும். அதே சமயம் ஊரிலேயே இலக்கண இலக்கியமும் கற்றார். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை. 1916-ல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா வாங்கினார். அதே 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையில் இருந்து அந்தத் தேர்வில் தேறிய முதல் ஆள் இவர்தான் என்று சொல்வார்கள். ஒரே வருஷத்தில் இரண்டும்! நாம் ஒரே நாளில் இரண்டு டெஸ்ட் வைத்தாலே எவ்வளவு புலம்புகிறோம்.

பிறகு யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக வேலை பார்த்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து 1920-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைமை ஆசிரியராகவும் ஆனார்.

துறவியும் ஆசிரியரும்

நல்ல வேலை, நல்ல பெயர் எல்லாம் இருந்தது. ஆனால் 1922-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924-ல் துறவறம் ஏற்று விபுலானந்தர் ஆனார். துறவி ஆனதால் படிப்பை விடவில்லை. மடத்தின் தமிழ்ப் பத்திரிகைக்கும் ஆங்கிலப் பத்திரிகைக்கும் ஆசிரியராக இருந்தார். விவேகானந்தரின் ஞானயோகத்தையும் கர்மயோகத்தையும் தமிழில் மொழிபெயர்த்தார். 1926-ல் மதங்கசூளாமணி என்ற நாடக ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. அதில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்துச் சொல்லி, வடமொழி நாடக இலக்கணத்தையும் சிலப்பதிகாரம் சொல்லும் கூத்தையும் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்.

இலங்கைக்குத் திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடங்களை நடத்தினார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் 1929-ல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931-ல் சிதம்பரம் பக்கத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியர் ஆக்கியது. விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கியவர் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியர்! அப்போது பாரதியார் பாட்டைப் பெரிய இலக்கியமாகப் பல புலவர்கள் மதிக்கவில்லை. அடிகள் மாணவர்களைச் சேர்த்து பாரதி பாடல்களைப் பாடவும் படிக்கவும் வைத்தார். சாயங்காலம் பக்கத்தில் திருவேட்களத்தில் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவார். எனக்கு அவருடைய பட்டங்களைவிட இதுதான் ரொம்பப் பிடித்தது.

தமிழில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றால் அதற்குச் சொற்கள் வேண்டும் இல்லையா? 1936-ல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு நடந்தபோது அடிகள் தலைமை வகித்தார். விஞ்ஞானமும் தமிழும் இரண்டும் தெரிந்தவர் அவரைவிட யார் கிடைப்பார்கள்? இன்று நாம் அதிர்வெண், அலைநீளம் என்று தமிழிலேயே படிக்கிறோம் என்றால், அப்படிப் பலர் உழைத்ததுதான் காரணம்.

யாழ் கிடைத்த கதை

இப்போது யாழுக்கு வருகிறேன். பழைய தமிழ்நாட்டில் பாணர்கள் யாழ் மீட்டிப் பாடினார்கள். பின்னால் வீணை வந்து யாழ் வழக்கொழிந்து போனது. பார்த்துச் செய்வதற்கு ஒரு பழைய யாழ்கூட மிச்சம் இல்லை. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்ற பகுதியிலும், அடியார்க்கு நல்லார் எழுதிய உரையிலும் குறிப்புகள் மட்டும் இருந்தன. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று உரையில் இருக்கிறது. ஆனால் எந்த நரம்பு எந்த அளவு, எப்படிச் சுருதி கூட்டுவது என்பது எளிதில் புரியாது.

வீணையில் ஒரே தந்தியில் மெட்டு மெட்டாக விரலை வைத்துப் பல சுரம் எடுக்கலாம். யாழில் அப்படி இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். அதனால் அளவு கொஞ்சம் தப்பினாலும் பண் கெட்டுப் போகும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்குச் செய்யுள் புரியும், அளவு புரியாது. விஞ்ஞானம் மட்டும் தெரிந்தவருக்கு அளவு புரியும், செய்யுள் புரியாது. அடிகளுக்கு இரண்டும் புரிந்தது. நரம்பின் நீளம் பாதியானால் மேல் ஸ்தாயி வரும். மூன்றில் இரண்டு பங்கானால் ஐந்தாம் சுரம் வரும். இப்படிப்பட்ட பின்னக் கணக்குகளை வைத்துக்கொண்டு அந்தப் பழைய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். எங்க டீச்சர் பெஞ்சு மேல காட்டினதும் இதே கணக்குதான்!

எங்கே போனாலும் இந்த வேலை அவர் கூடவே போனது. 1939-ல் இமயமலையில் மாயாவதிக்குப் பத்திரிகை ஆசிரியராகப் போனார். 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். நடுவில் உடல்நலமும் கெட்டது. ஆனாலும் விடாமல் எழுதி யாழ்நூலை முடித்தார். அதில் கணக்கு அட்டவணையும் இருக்கும், தேவாரப் பண்ணும் இருக்கும், அவரே எழுதிய கவிதையும் இருக்கும். மட்டக்களப்பு வாவியில் இரவில் தண்ணீருக்குள் இருந்து ஒரு இசை கேட்கும், அது பாடும் மீன் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த இசையைப் பற்றித்தான் அந்தக் கவிதை.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. 1947 ஜூன் 5, 6 தேதிகளில், இப்போதைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. அவர் சொன்ன அளவுப்படி செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். புத்தகத்தில் மட்டும் இருந்த யாழ் எத்தனையோ நூற்றாண்டுக்குப் பிறகு கைக்கு வந்தது. அடிகள் ஊருக்குத் திரும்பினார். ஒன்றரை மாதத்தில், 1947 ஜூலை 19 அன்று கொழும்பில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்து வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவர் சொன்ன முடிவுகள் எல்லாவற்றையும் பின்னால் வந்த இசை அறிஞர்கள் அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவரைப் படிக்காமல் யாரும் யாழைப் பற்றிப் பேச முடியாது.

நான் நினைப்பது

இதை நான் எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்க அக்கா நன்றாகக் கதை எழுதுவாள். பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் எடுத்ததும் வீட்டில், இனிமேல் கதை எல்லாம் எதுக்கு, படிப்பு கெட்டுப் போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படியே நினைத்து விட்டுவிட்டாள். அவள் எழுதிய நோட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. எனக்கும் இன்னும் இரண்டு வருஷத்தில் குரூப் எடுக்கணும். எனக்குக் கணக்கும் பிடிக்கும், தமிழும் பிடிக்கும். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று வரும் என்று இதுவரை பயந்துகொண்டிருந்தேன். அடிகள் ஒன்றை விட்டிருந்தால் யாழ் கிடைத்திருக்காது என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

எல்லோரும் அவரைப் போல ஆக முடியாதுதான். ஆனால் நண்பர்களே, கணக்கு நன்றாக வரும் என்பதற்காகக் கவிதை நோட்டை மூடி வைக்காதீர்கள். தமிழ் பிடிக்கும் என்பதற்காக அறிவியல் பீரியடில் தூங்காதீர்கள்.

இந்தக் கட்டுரையை முதலில் அக்காவிடம்தான் காட்டினேன். இரண்டு எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டாள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி